கோதுமையில் பந்தயம், பொன்னியில் பதுக்கல்

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. கைப்பேசிச் செயலி வழியாகக் கோதுமை விலையில் பணம் போடுகிறான். ‘ஊரார் வயிற்றில் அடித்த காசு நமக்கு வேண்டாம்’ என்கிறார் என் மாமியார். ‘2023ல் இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் சித்தப்பா கடையில் பொன்னி மூட்டைகளை உள்ளே அடுக்கினாரே, அதை யாரும் கேட்கவில்லையே’ என்று மகன் திருப்பிக் கேட்கிறான். யார் செய்தது தவறு? – வாசகி, ஈசூன்

பதில்: பேச்சை மாற்றத்தான் மகன் அப்படிக் கேட்டிருப்பார். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் கோதுமை. சிகாகோவில் நடப்பது முன்பேரச் சந்தை: பின்னொரு மாதத்தில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடுவது. அங்கே ஓர் ஒப்பந்தம் என்பது 5,000 புஷல் (தானியத்துக்கான அமெரிக்க அளவு), ஏறத்தாழ 136 டன். அதை உங்கள் மகன் வாங்கினால் எந்தக் கிடங்கிலிருந்தும் ஒரு மணி கோதுமைகூட நகராது. அவருக்கு விற்றவர், அறுவடைக்கு முன்பே விலையை உறுதிசெய்துகொள்ள விரும்பும் விவசாயியாகவோ கிடங்குக்காரராகவோ இருக்கலாம். வாங்குவதற்கு மாவு ஆலைகள் மட்டும்தான் என்றால், அவர் விற்க நினைக்கும் நேரத்தில் ஆள் இருக்காது. அந்த இடத்தை நிரப்புகிறவர்தான், உங்கள் மகனைப் போல விலை மாற்றத்தில் லாபம் தேடும் ஊக வணிகர். அதுவரை வயிற்றில் அடிப்பது எதுவும் இல்லை.

காகித ஒப்பந்தமும் உண்மையான சரக்கும் ஒரே கையில் சேரும்போதுதான் விபரீதம். 1955ல் இரண்டு வியாபாரிகள் சிகாகோவில் இருந்த வெங்காயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வளைத்துப்போட்டார்கள். பிறகு விலை விழும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். 50 பவுண்டு மூட்டை 10 அமெரிக்கக் காசுக்கு வந்தது; வெறும் சாக்குக்கே அதைவிட அதிக விலை. விவசாயிகள் கொதித்ததில், 1958ல் அமெரிக்கா வெங்காயத்தில் முன்பேர வணிகத்தையே சட்டம் போட்டு நிறுத்தியது. தடை இன்றும் இருக்கிறது. வெங்காய விலை ஏறி இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

காகிதத்தில் மட்டும் நடந்தால் பாவமே இல்லை என்றும் சொல்லமாட்டோம். பெரும்பணம் ஒரே பக்கமாகப் பாய்ந்தால் அடி யாருக்கு என்று பாருங்கள். கிடங்குக்காரர் விவசாயியிடம் விலை பேசி வாங்கியதற்கு ஈடாக முன்பேரச் சந்தையில் ஒப்பந்தம் விற்று வைத்திருப்பார். விலை ஏற ஏற, அந்த நஷ்டத்துக்கு அன்றன்றைக்கே ரொக்கம் கட்ட வேண்டும்; கையிருப்புச் சரக்கின் மதிப்பு ஏறியிருந்தாலும் அதை விற்றால்தான் காசு. 2008ல் அமெரிக்காவில் சில கிடங்குகள் இதைத் தாங்க முடியாமல், விவசாயிகளிடம் முன்கூட்டி விலை பேசுவதையே நிறுத்தின. விலையை ஏற்றியது ஊகப் பணமா, விளைச்சலா என்பதில் பொருளியலாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. இந்திய அரசு அமைத்த அபிஜித் சென் குழுவும் 2008ல் உறுதியான முடிவு சொல்லவில்லை.

அரிசி கதை வேறு. அதே 2008ல் தாய்லாந்து அரிசி டன் 400 டாலருக்குக் கீழிருந்து ஏறக்குறைய 1,000 டாலருக்குப் போனது. உலக அரிசி வணிகத்தில் முன்பேரச் சந்தைக்குப் பெரிய இடமே கிடையாது. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியை மறித்தன, பிலிப்பீன்ஸ் பதறிக்கொண்டு வாங்கியது, வியாபாரியும் வீட்டுக்காரரும் மூட்டையை உள்ளே வைத்தார்கள். ஜப்பான் தன் கையிருப்பை வெளியே விடத் தயார் என்ற செய்திக்கே, ஒரு மூட்டை கப்பல் ஏறுமுன் விலை இறங்கத் தொடங்கியது. எனவே, அரிசியைப் பொறுத்தவரை செயலியைவிடக் கடையின் பின்னறைதான் எங்களுக்குக் கவலை.

அதற்காகக் கொழுந்தனாரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். இருப்பு வைப்பது பாவமில்லை. சிங்கப்பூரில் அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவுக்குக் கையிருப்பு வைத்தே ஆக வேண்டும் என்பது அரசாங்க விதி. மலிவான நாளில் வாங்கித் தட்டுப்பாட்டில் விற்பவர் சந்தைக்கு உதவுகிறார். தட்டுப்பாடு வந்தபின் வாங்கிக் குவிப்பவர் அதைப் பெரிதாக்குகிறார். ஆகவே அவரிடம் சரக்குச் சீட்டின் தேதியைக் கேளுங்கள். வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது 2023 ஜூலை 20ல். பொன்னி புழுங்கலாக இருந்தால் அதற்கு அப்போது தடையே இருக்கவில்லை. ஆகஸ்ட் 25 முதல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும்தான் போட்டார்கள். அந்த மாத இறுதியிலேயே சிங்கப்பூருக்கென்று 50,000 டன் வெள்ளை அரிசிக்கு இந்தியா தனி அனுமதி தந்தது.

சீட்டு ஜூலை 20க்கு முந்தியது என்றால் அது வியாபாரம். பிந்தியது என்றாலும், ஆளுக்கு ஒரு மூட்டை என்று அளவு வைத்து விற்றிருந்தால் குறை சொல்ல மாட்டோம். அடுத்த சரக்குக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருப்பதால் பழைய மூட்டைக்கும் கொஞ்சம் விலை ஏற்றியிருப்பார், அதுவும் போகட்டும். உள்ளே வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லியிருந்தால், மகன் கேட்டதுதான் நியாயம்.

மகனுக்கும் ஒரு கோடு உண்டு. விலை ஏறினால் தனக்கு லாபம் என்ற நிலையில் இருந்துகொண்டு, ‘கோதுமை கிடைக்காதாம்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பக்கூடாது. விலையைத் தூண்டப் பொய்த் தகவல் பரப்புவது இங்கே குற்றமும்கூட.

மற்றபடி, இதில் முதலில் காலியாவது அவருடைய பணப்பைதான். விலை புஷலுக்கு 20 காசு இறங்கினால் ஓர் ஒப்பந்தத்தில் 1,000 அமெரிக்க டாலர் போகும். 20 காசு ஒரே நாளில் இறங்குவது அதிசயமில்லை. உக்ரேன் போர் மூண்டதும் 2022 மார்ச்சில் 13 டாலரைத் தாண்டிய கோதுமை, ஜூலைக்குள் 8 டாலர் பக்கம் திரும்பிவிட்டது. உச்சத்தில் வாங்கியவருக்குப் போர் நடந்துகொண்டிருந்தும் நஷ்டம். அவர் செயலியில் வாங்குவது சந்தை ஒப்பந்தமா, விலை வித்தியாசத்துக்கு மட்டும் பணம் தரும் சிஎஃப்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிஎஃப்டி என்றால் எதிரே நிற்பது விவசாயி அல்ல, அந்த நிறுவனம். ‘சந்தைக்கு உதவுகிறேன்’ என்ற வாதம் அங்கே செல்லாது. சந்தை ஒப்பந்தம் என்றால், டிசம்பர் மாதத்துடையதை நவம்பர் கடைசி வேலைநாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தவறினால் சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வரலாம், இல்லையென்றால் புரோக்கரே கிடைத்த விலைக்கு முடித்துவிடுவார்.