மூன்று பக்கக் கடிதத்தில் மார்க் எங்கே?

கேள்வி: வயது 27. பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு முறை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதியும் அரசு வேலை கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் கார், வீடு, குழந்தை என்று போய்விட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அப்பா எதுவும் கேட்பதில்லை. அதுதான் அதிகம் வலிக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். நண்பர்கள் வாங்கிய கார் என்ன மாடல் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். தேர்வில் 300 மார்க்குக்கு நீங்கள் வாங்கியது எத்தனை? அதைக் காணோம். 'பின்தங்கிவிட்டேன்' என்று புலம்புகிறவர், எத்தனை கேள்வியில் பின்தங்கினார் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025-இல் 3,935 இடத்துக்கு 13 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் முட்டி மோதுகிறார்கள். இதில் கிடைக்காமல் போனதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். இதை மட்டுமே நம்பி ஐந்து வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிறு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். காலை 9.30 முதல் 12.30 வரை, 200 கேள்வி, எழுந்திருக்கவே கூடாது. திருத்தும்போது ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். படிக்காதது 'ப', படித்தும் மறந்தது 'ம', கேள்வியைச் சரியாக வாசிக்காதது 'வா', நேரம் போதாதது 'நே'. உங்களுக்கு 'ம' தான் குவியும் என்று பந்தயமே கட்டுவேன். சமச்சீர் பள்ளிப் பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். நான்கு விடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழம்பும். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். மூன்றாம் நாள் ஒரு தடவை, பத்தாம் நாள் ஒரு தடவை. கணக்கு போடும் திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி, 37.5 மார்க்; பொறியியல் படித்தவர் அதில் கோட்டை விட்டால் மன்னிக்க முடியாது. தப்பு விடைக்கு மார்க் கழிப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

வந்த மார்க்கை உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவின் போன முறை கட்-ஆஃபோடு, அதாவது அந்தப் பிரிவில் கடைசியாக இடம் பிடித்தவரின் மார்க்கோடு, ஒப்பிடுங்கள். யூடியூபில் சொல்லும் பொதுக் கணக்கு வேண்டாம். பத்துப் பதினைந்து கேள்வி குறைவு என்றால் இன்னும் ஒரே ஒரு தேர்வு, முழு மூச்சாக. நாற்பது கேள்வி குறைவு என்றால் முதலில் ஒரு வேலை. படிப்பு விடியற்காலை இரண்டு மணி நேரம். பொதுப் பிரிவுக்கே 32 வயது வரை எழுதலாம், பதறாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். பயோடேட்டாவில் அந்த ஐந்து வருடத்தை ஒளிக்கவும் வேண்டாம். 'போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு' என்று ஒரு வரி போதும். ஒளித்தால் இன்டர்வியூவில் அதையேதான் தோண்டுவார்கள்.

கல்யாண வீட்டில் 'இப்ப என்ன பண்றே?' என்பார்கள். 'இந்தத் தேதியில தேர்வு, மறுநாள்லேர்ந்து வேலை தேடுறேன் மாமா' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள். தேதி இருக்கிற பதிலுக்கு மறு கேள்வி குறைவு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, உயிர் வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் அந்த மார்க்கையும் தேதியையும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்காமலிருப்பது கோபத்தால் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கேட்டால் உங்கள் முகம் வாடும் என்று தெரிந்துகூட இருக்கலாம்.