கவுன்சிலில் யாரைப் பார்க்க வேண்டும்?

தம்பி, மார்கழிக்கு நான் நங்கநல்லூர் வந்திருப்பது தெரிந்து உன் அப்பாவும் அம்மாவும் குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். நீ வாட்ஸ்அப்பில் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள். லண்டன் ஹாரோவில் நீ செமி வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) வாங்கியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே பின்பக்கமாக ஓர் அறையும் பாத்ரூமும் இழுத்துக் கட்ட வேண்டும். பில்டர் "பர்மிஷனே தேவையில்லை" என்கிறார். ஆபீஸ் நண்பர் "கட்டிவிட்டு நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் சரியாகிவிடும்" என்கிறார். நீயோ, "கவுன்சிலில் யாரைப் பார்க்கணும் ஆன்ட்டி?" என்கிறாய்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலில், அதாவது அந்த ஊர் மாநகராட்சியில், யாரையும் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது உன் வீட்டுச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவரை.

இங்கே சென்னையில் வீடு கட்ட இறங்கினால் முதலில் தேடுவது "ஆபீஸில் ஆள் தெரிந்த இன்ஜினீயர்" ஒருவரைத்தான். செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடம்) எவ்வளவு, எஃப்.எஸ்.ஐ. (மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) எவ்வளவு, பட்டா யார் பேரில் என்பதெல்லாம் உனக்கும் மாநகராட்சிக்கும் இடையில் நடக்கிற பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் அதில் எங்கேயும் வரமாட்டார். கோர்ட்டுக்குப் போனால்தான் வருவார். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆளைத் தேடுகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஆரம்பத்திலேயே இடம் உண்டு. விண்ணப்பம் போட்டதும் கவுன்சில் அவர்களுக்குக் கடிதம் அனுப்பும், அல்லது தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸைக் கட்டிவிடும். நீ அனுப்பிய வரைபடம், பக்கத்து வீட்டு அம்மா எழுதிய ஆட்சேபணை, அதிகாரியின் அறிக்கை எல்லாமே கவுன்சில் இணையதளத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் ஹாரோவுக்குப் போன புதிதில், பொழுது போகாவிட்டால் எங்கள் தெருவின் பழைய விண்ணப்பங்களைத் திறந்து படித்துக்கொண்டிருப்பேன். யாருக்கு யாரோடு ஆகாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்!

ஆட்சேபணை என்றால் வாய்க்கு வந்ததை எழுதி நிறுத்திவிட முடியாது. வெளிச்சம் மறைகிறது, எங்கள் தோட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வருகிறது, கட்டடம் அளவுக்கு மீறிப் பெரிதாக நிற்கிறது போன்றவற்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். "எங்கள் வீட்டு விலை குறைந்துவிடும்" என்பது செல்லாது. "ஜன்னலில் நின்றால் தெரிந்த காட்சி போய்விடும்" என்பதும் செல்லாது.

இனி உன் அப்பாவின் பிளானுக்கு வருகிறேன். ஹவுசிங் போர்டில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர் அல்லவா, டிரேசிங் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டே வந்துவிட்டார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்துப் பார்த்தோம். கோடு ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பின்சுவரிலிருந்து தோட்டத்துக்குள் 16 அடி, அகலம் 12 அடி. அக்னி மூலையில் அம்மாவுக்கென்று சின்னதாக ஓர் அடுப்பு மேடை.

16 அடி என்றால் 4.88 மீட்டர். உன் அப்பா போட்டிருப்பது உள்ளளவு. அங்கே பழைய பின்சுவரிலிருந்து புதுச்சுவரின் வெளிமுகம் வரைதான் கணக்கு. சுவர் கனத்தையும் சேர்த்தால் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். இந்த எண்ணில்தான் உன் கேஸே இருக்கிறது. உன்னுடையது மாதிரி ஒட்டுவீடாக இருந்தால், பின்பக்கம் ஒரு தளமாக 3 மீட்டர் வரை பிளானிங் பர்மிஷன் இல்லாமலே கட்டலாம். இதைத்தான் பர்மிட்டட் டெவலப்மென்ட் என்கிறார்கள். தனிவீட்டுக்கு 4 மீட்டர். உயரம் 4 மீட்டருக்குள், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வருவதால் கூரை விளிம்பு 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பில்டர் மனதில் வைத்துப் பேசுவது இந்த 3 மீட்டரைத்தான். உன் அப்பாவின் பிளானை அவர் பார்த்தாரா என்று கேட்டுப் பார்.

3 மீட்டருக்கு மேல் 6 மீட்டர் வரை என்றால் பிரையர் அப்ரூவல் என்று நடுவில் ஒரு வழி இருக்கிறது. முழு விண்ணப்பம் இல்லை. எவ்வளவு தூரம் நீட்டுகிறாய், மொத்த உயரம் என்ன, கூரை விளிம்பின் உயரம் என்ன என்று எழுதி, ஒரு வரைபடமும் ஒட்டியிருக்கிற வீடுகளின் முகவரியும் கொடுத்தால் போதும். கவுன்சில் அந்த வீடுகளுக்கு எழுதிக் குறைந்தது 21 நாள் அவகாசம் தரும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் முடிந்தது. ஒருவர் ஆட்சேபித்தாலும், அவருக்கு வெளிச்சம் எவ்வளவு போகிறது, இடைஞ்சல் எவ்வளவு என்று அதிகாரி பார்த்துத்தான் முடிவு சொல்வார். 42 நாளுக்குள் பதிலே வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம். அதற்கு முன்னால் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார் என்கிறேன். கவுன்சில் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே நீயும் உன் மனைவியுமாகப் போய், வரைபடத்தைக் காட்டி, "எங்கள் அம்மாவால் மாடி ஏற முடியவில்லை" என்று சொல்லிவிடுங்கள். ஆங்கிலேயர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால்தான் கோபம் வரும். பலர் ஆட்சேபணை எழுதுவதே அந்த வருத்தத்தில்தான். நீ கேஸ் ஆபீஸருக்கு (விண்ணப்பத்தைப் பார்க்கிற கவுன்சில் அதிகாரி) தீபாவளி ஸ்வீட் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய் பார், அந்த டப்பாவை அங்கே கொண்டுபோய்க் கொடு. ஆபீஸருக்குக் கொடுத்தால் அவர் பரிசுப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சங்கடத்தோடு திருப்பி அனுப்புவார்.

இதிலேயே இன்னொரு சட்டம் சேர்ந்துகொள்ளும்: 1996ஆம் வருஷத்துப் பார்ட்டி வால் ஆக்ட், அதாவது பொதுச்சுவர்ச் சட்டம். பொதுச்சுவரில் கை வைத்தால் இரண்டு மாதம் முன்பும், அவர்கள் வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதம் முன்பும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளுக்குள் சம்மதம் எழுதித் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சர்வேயர், அவருக்கான ஃபீஸ், பெரும்பாலும் அதுவும் உன் தலையில்தான். கவுன்சில் இதில் தலையிடாது.

அடுப்பு மேடையை எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் தனி அடுப்பு, தனி பாத்ரூம், தோட்டத்துக்குத் தனிக் கதவு என்று சேர்ந்தால் அது இன்னொரு வீடு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பர்மிட்டட் டெவலப்மென்ட் உதவாது. கவுன்சில் டாக்ஸும் (நம் ஊர் வீட்டு வரி மாதிரி) தனியாகப் போட வாய்ப்பு உண்டு. ஆறு மாத விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு இந்த வம்பு எதற்கு? அம்மா உன் கிச்சனிலேயே ரசம் வைக்கட்டும்.

நாலு வருஷக் கதையை நம்பாதே. அனுமதியில்லாமல் கட்டி நாலு வருஷம் ஆகிவிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்று முன்பு ஒரு விதி இருந்தது உண்மை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அது பத்து வருஷமாகிவிட்டது. பழைய விதி இருந்த காலத்திலேயே சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை மலைபோல் அடுக்கி, அதற்குப் பின்னால் கோட்டை மாதிரி ஒரு வீட்டையே கட்டி, குடும்பத்தோடு நாலு வருஷம் குடியிருந்துவிட்டு 2006இல் வைக்கோலை விலக்கினார். வைக்கோலை அடுக்கியதும் விலக்கியதும் கட்டட வேலையின் பகுதிதான், அதனால் விலக்கும் வரை நாலு வருஷக் கணக்கே தொடங்கவில்லை என்று ஹைகோர்ட் சொல்லிவிட்டது. கடைசியில் 2016இல் அவரே இடிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் 1999க்கு முந்தியது, 2007க்கு முந்தியது என்று, விதிமீறிக் கட்டியதைச் சரிப்படுத்தும் வரன்முறைத் திட்டங்கள் வந்த மாதிரி அங்கேயும் ஒன்று வரும் என்று காத்திருக்காதே.

அப்பா 16 அடியைக் குறைத்து 3 மீட்டருக்குள் கொண்டுவந்தாலும், பர்மிஷன் வேண்டாம் என்று விட்டுவிடாமல் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட் (இது சட்டப்படியானதுதான் என்று கவுன்சில் தரும் சான்று) வாங்கிவிடு. கட்டாயமில்லை, ஆனால் வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிட்டர் (வக்கீல்) முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். முழு விண்ணப்பத்துக்கு ஆகிற கட்டணத்தில் பாதி ஆகும். முழுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 528 ஆனது.

முழு விண்ணப்பத்துக்கே போக வேண்டியிருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவு செய்த நாளிலிருந்து எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பலருக்கும் இழுப்பது அந்தப் பதிவுதான். 1:1250 அளவில் சிவப்புக் கோடு போட்ட இட வரைபடம், வடக்கு அம்பு, மீட்டரில் அளவு, இவற்றில் ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். மறுத்துவிட்டால் பன்னிரண்டு வாரத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு (கவுன்சிலுக்கு வெளியே அப்பீலை விசாரிக்கிற அரசு அமைப்பு) அப்பீல் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வரைகிறவருக்கும் பில்டருக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய். கவுன்சில் இணையதளத்தில் உன் வீட்டு முகவரியைப் போட்டுப் பழைய விண்ணப்பங்களைத் தேடு. முந்தைய சொந்தக்காரர் பின்பக்கம் ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருந்தால், நீ ஒட்டிக் கட்டுவதோடு அதையும் சேர்த்துத்தான் மீட்டர் எண்ணுவார்கள். ஏனென்றால் கணக்கு ஒரிஜினல் வீட்டின் பின்சுவரிலிருந்துதான். ஒரிஜினல் வீடு என்றால் முதலில் கட்டியபடி, 1948 ஜூலை 1க்கு முந்திய வீடானால் அன்றைக்கு நின்றபடி. நீ வாங்கியபோது இருந்தபடி இல்லை. கன்சர்வேஷன் ஏரியாவாக (பழமையைக் காக்கிற பகுதி) இருந்தால் 6 மீட்டர் வழி அடைபட்டுவிடும். சில எஸ்டேட்களில் பர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமையையே நிபந்தனை போட்டு எடுத்திருப்பார்கள், அதுவும் அங்கேயே தெரியும். கிடைப்பதை எனக்கு அனுப்பு, அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்க்கிறோம். பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டடத்தின் உறுதி, பாதுகாப்பு விதிகளுக்கு, தனி அனுமதி. பாத்ரூம் வருவதால் தோட்டத்தில் மேன்ஹோல் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வை. பொதுக் கழிவுநீர்க் குழாய் மேல் கட்டுவதாக இருந்தால் கழிவுநீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டரிடமும் எழுதி வாங்க வேண்டும்.