பெரியாள் கூலி, சித்தாள் கூலி: சம ஊதியம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்க சைட்டுல பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 600. மணல், செங்கல் ரெண்டு பேரும்தான் தூக்குறோம். கேட்டா "பொம்பளைக் கூலி இவ்வளவுதான்"னு மேஸ்திரி சொல்றார். இதுக்கு வழி இருக்கா அக்கா?

பதில்: இருக்கிறது அம்மா. 1976 முதல் சம ஊதியச் சட்டம் இருந்தது. 21.11.2025 முதல் அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்றால் ஒரே கூலி. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைத்தான் சட்டம் பார்க்கும். பெரியாள், சித்தாள் என்ற பெயரை அல்ல.

ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள்: யார் என்ன தூக்கினார், எத்தனை நடை, எந்த மாடிக்கு, கையில் வந்த கூலி எவ்வளவு. பெரியாள் கலவை போடும் நேரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். நீங்களோ, நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமோ தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போடலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். "எங்களிடம் பாகுபாடே இல்லை" என்கிறது நிர்வாகம். எப்படிச் சரிபார்ப்பது மேடம்?

பதில்: மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. 12 மாதச் சம்பளப் பதிவேட்டை எடுத்து அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஊக்கத்தொகை, ஓவர்டைம், இரவு ஷிப்ட் படி எல்லாவற்றையும் தனித்தனிப் பத்தியாகப் பிரியுங்கள். மொத்தத்தை வேலை செய்த மணி நேரத்தால் வகுத்து, ஆண்களின் நடுமதிப்பையும் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் தொகை) பெண்களின் நடுமதிப்பையும் எடுங்கள். சராசரி வேண்டாம், இரண்டு மேலாளர்களின் சம்பளமே அதை மேலே இழுத்துவிடும். ஆண் மதிப்பிலிருந்து பெண் மதிப்பைக் கழித்து, ஆண் மதிப்பால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஆணுக்கு மணிக்கு 80, பெண்ணுக்கு 68 என்றால் இடைவெளி 15 சதவீதம்.

இதையே ஒவ்வொரு கிரேடுக்குள்ளும் தனியாகச் செய்ய வேண்டும். கிரேடுக்குள் இடைவெளி பூஜ்யம், மொத்தத்தில் 15 என்று வந்தால் கோளாறு சம்பள விகிதத்தில் இல்லை, பதவி உயர்வில் இருக்கிறது: கைமடிப்பு, பிசிறு வெட்டு, செக்கிங் பெண்களிடம், கட்டிங், சூப்பர்வைசர் ஆண்களிடம். அப்போது ஓவர்லாக், கட்டிங் பயிற்சியை ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள். மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு "பெண்கள் யாரும் வரவில்லை" என்று எழுதுவது நியாயமே இல்லை.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் முறையில், இன்னொரு பொறி உண்டு. ரேட் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அடிக்கடி பழுதாகும் மெஷின் யாருக்கு, பீஸ் வராமல் காத்திருப்பது யார்? காத்திருக்கும் நிமிடங்களையும் குறித்தால்தான் இது கண்ணில் படும்.

கேள்வி: ஆண்கள் கூலியைக் குறைத்துச் சமமாக்கலாமா? சங்கத்தோடு ஒப்பந்தமும் இருக்கிறது.

பதில்: கூடாது. சமமாக்குவதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கச் சட்டம் தடை விதிக்கிறது. ஒப்பந்தமும் காப்பாற்றாது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த நிறுவனம், சங்க ஒப்பந்தத்தையும் பண நெருக்கடியையும் காரணம் காட்டியது. 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை.

கேள்வி: நான் காண்ட்ராக்ட் ஊழியர். 14 மாதமாக வேலை செய்கிறேன், இப்போது ஐந்தாம் மாதம். பிரசவ விடுப்பு கிடையாது என்கிறார்கள்.

பதில்: காண்ட்ராக்ட் என்பது காரணமே அல்ல. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பணம் ஈ.எஸ்.ஐ.யிடமிருந்து வரும், அங்கே கணக்கு வேறு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு. இல்லையென்றால் நிறுவனமே தர வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகவே தர வேண்டும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். "ராஜினாமா எழுதிக் கொடுங்க, அப்புறம் திரும்பச் சேர்த்துக்கறோம்" என்பார்கள். தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். பழைய சர்வீஸ் அறுந்துபோகும், கிராஜுவிட்டியும் சம்பள உயர்வும் முதலிலிருந்து தொடங்கும். திரும்பி வந்தபின் சம்பளம் பின்தங்க இந்த ஒரு தாளே காரணமாகிவிடும்.

கேள்வி: எங்களிடம் 38 பெண்கள், 25 ஆண்கள். 50 பெண்கள் இருந்தால்தானே குழந்தைகள் காப்பகம்?

பதில்: இல்லை. ஆண்களையும் சேர்த்து 50 பேர் இருந்தாலே வைக்க வேண்டும். உங்களிடம் 63 பேர். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி உண்டு; அதனால் தொலைவில் இடம் பிடித்தால் பயன்படாது. பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகமும் நடத்தலாம். முதல் ஷிப்ட் தொடங்க அரை மணி நேரம் முன்பே திறந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். எட்டு மணி ஷிப்டுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்துக்குக் குழந்தைகள் வர மாட்டார்கள்.