ஸ்டெப் 3-ஐத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, டெட்ராய்ட்டில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்தபடி மேற்பயிற்சி) முதல் வருடத்தில் இருக்கிறேன் டாக்டர். பயிற்சிக்கான ஜே-1 விசா. அமெரிக்காவில் டாக்டர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 இன்னும் எழுதவில்லை. வாரத்துக்கு எழுபது, எண்பது மணி நேரம் வேலை, வீட்டுக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்கவே தெம்பில்லை. "மூணாவது வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள் சீனியர்கள். தள்ளிப்போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம், தள்ளிப்போடாதீர்கள். முதல் வருடக் கடைசியிலோ இரண்டாம் வருடத் தொடக்கத்திலோ முடித்துவிடுங்கள். காரணம் விசா. ரெசிடென்சி முடிந்ததும் ஜே-1 வேவர் (பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு) வாங்கி, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்ப்பதுதான் நம்மவர்கள் நிறையப் பேர் போகும் வழி. அந்த வேலை ஹெச்-1பி என்ற வேலை விசாவில்தான், ஸ்டெப் 3 தேறாமல் அது கிடைக்காது. பல மாநிலங்கள் எல்லா ஸ்டெப்பையும் ஏழு ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நீங்கள் ஸ்டெப் 1-ஐ காலேஜிலேயே எழுதியிருந்தால் அந்தக் கணக்கு அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. கார்டியாலஜி மாதிரி ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி) ஆசை இருந்தால், விண்ணப்பம் போகும்போது இது முடிந்திருப்பது நல்லது.

படிக்க நேரம் எங்கே என்கிறீர்கள், சரி. ஐ.சி.யு. மாதத்தில் படிக்க முயலவே வேண்டாம், அது உடம்பைத்தான் கெடுக்கும். எலெக்டிவ் (நீங்களே தேர்ந்தெடுக்கும் பிரிவு) அல்லது கிளினிக் மாதம் எது என்று சீஃப் ரெசிடென்ட்டிடம் இப்போதே கேட்டு, அதற்குள் தேர்வு மையம் நடத்தும் பிரோமெட்ரிக்கில் தேதி வாங்குங்கள். தேர்வு இரண்டு நாள், ஆனால் அடுத்தடுத்த நாளாக இருக்கத் தேவையில்லை, நடுவில் சில நாள் விட்டு எழுதலாம். நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு மட்டும் போய் உட்காராதீர்கள், முதல் நாளே ஏழு மணி நேரம், இரண்டாம் நாள் ஒன்பது.

முதல் நாளில் பயோஸ்டாட்ஸ் (மருத்துவப் புள்ளியியல்), ஆய்வுச் சுருக்கம், மருந்து விளம்பரத்தைப் படித்துப் பதில் சொல்வது எல்லாம் வரும். வார்டு வேலையில் இது தானாக வந்துவிடாது, தனியாக உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

நன்றாக வேலை தெரிந்தவர்களும் தடுமாறும் இடம் இரண்டாம் நாளின் 13 கேஸ் சிமுலேஷன்கள், அதாவது கணினித் திரையில் கற்பனை நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது. ரத்தம் கக்கிக்கொண்டு ஒருவர் எமர்ஜென்சிக்கு வருகிறார் என்று திரை சொல்லும், தேர்ந்தெடுக்க ஏ, பி, சி, டி என்று விடைகள் எதுவும் இருக்காது. ஐ.வி. லைன், சலைன், சி.பி.சி., கிராஸ்மேட்ச், பான்டோப்ரசோல், எண்டோஸ்கோபிக்கு கேஸ்ட்ரோ டாக்டர் என்று ஒவ்வொன்றையும் நீங்களே டைப் செய்து ஆர்டர் போட வேண்டும். கடிகாரத்தை நகர்த்துவதும் நீங்கள்தான்: நகர்த்தினால்தான் ரிசல்ட் வரும், வேண்டியதைப் போடாமல் நகர்த்தினால் பி.பி. இறங்கிக்கொண்டே போகும். நோயாளியை ஐ.சி.யு.வுக்கு மாற்றுவதும் உங்கள் பொறுப்பே. தினமும் செய்கிற வேலைதானே என்று நினைக்காதீர்கள், வார்டில் ஏதாவது விட்டுப்போனால் நர்ஸ் ஞாபகப்படுத்துவார், இங்கே யாருமில்லை. யு.எஸ்.எம்.எல்.இ. இணையதளத்திலேயே பயிற்சி கேஸ்கள் இலவசமாக இருக்கின்றன, அந்த மென்பொருள் கைக்குப் பழகும்வரை செய்யுங்கள்.

மதிப்பெண்ணுக்காக உயிரை விடாதீர்கள். 2024 முதல் தேற 200 போதும், தேறிவிட்டால் கூட்டிக்கொள்ள மறுபடி எழுதவும் முடியாது. ஆனால் தோல்வி உங்கள் பதிவில் நிற்கும், மொத்தமே நான்கு முறைதான் எழுதலாம். அதனால் அரைகுறையாக மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: என் மகனும் அமெரிக்காவில் ரெசிடென்ட். லீவில் ஊருக்கு வரும்போது சென்னையிலேயே ஸ்டெப் 3 எழுதிவிட முடியாதா?
- ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: முடியாது ஐயா. முதல் இரண்டு ஸ்டெப்பை இந்தியாவில் எழுதலாம், மூன்றாவதை அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே எழுத முடியும். லீவில் வந்தால் நன்றாகத் தூங்க விடுங்கள், "படிச்சியா?" என்று கேட்க வேண்டாம்.