பூல் கியூவின் கைப்பிடிக்குப் பழைய ஐரிஷ் லினன் நூல்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், நூலைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் கையால் செய்த பூல் கியூ (பில்லியர்ட்ஸ் போல மேசையில் பந்தடிக்கும் பூல் ஆட்டத்தின் கோல்) ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் கிடைத்தது. கைப்பிடியில் வெள்ளையில் பச்சைப் புள்ளி உள்ள நூல் சுற்றியிருக்கிறது. அது கறுத்து, ஒரு முனையில் நைந்து பிரிகிறது. அதே காலத்து அசல் ஐரிஷ் லினன் நூலையே மறுபடி சுற்ற ஆசை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் தூண்டில் சாமான் கடைகளில் கேட்டால் நைலோனைத்தான் காட்டுகிறார்கள். இணையத்தில் விற்பவர்களை எப்படி நம்புவது? எவ்வளவு வாங்கவேண்டும்? இங்கேயே சுற்றிக்கொள்ள முடியுமா? (வாசகர், கல்முனை)

பதில்: தூண்டில் கடையில் தேடியது தவறான இடம் அல்ல, ஏறக்குறைய எண்பது வருடம் பிந்திப் போய்விட்டீர்கள். பூல் கியூவில் சுற்றும் ஐரிஷ் லினன் அடிப்படையில் மீன்பிடி நூல்தான். நைலோன் வருவதற்கு முன் கடலில் பெரிய மீன் பிடித்தவர்கள் பாவித்தது, ஆளிச்செடியின் தண்டு நாரிலிருந்து முறுக்கிய இந்த நூலை. நனைந்தால் அதன் பலம் கூடும். இழுத்தால் நீளுவது மிகக் குறைவு. அந்த இரண்டு குணமும் வியர்க்கும் கைக்குப் பொருந்தியதால் கியூ செய்வோர் அதை எடுத்துக்கொண்டார்கள். 1938இல் நைலோன் அறிவிக்கப்பட்டு, உலகப் போருக்குப் பின் சந்தையைப் பிடித்ததும் லினன் தூண்டில் நூல் மெல்ல மறைந்தது. இன்று நம் வாவிக்கரையில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) தவிர வேறு கிடைக்காததற்கும் அதுதான் காரணம். ஸ்னூக்கர் கியூவுக்குக் கைப்பிடிச் சுற்றே இல்லை என்பதால் ஸ்னூக்கர் சாமான் விற்கும் இடங்களிலும் இதைக் கேட்டுப் பயனில்லை.

"ஐரிஷ்" என்ற சொல்லைப் பார்த்து அயர்லாந்தில் செய்த பெட்டியைத் தேடவேண்டாம். நார் இழை அயர்லாந்தினுடையது. அதை முறுக்கித் தூண்டில் நூலாக்கி விற்றவை பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். நியூயோர்க் மாநிலத்தின் கோர்ட்லண்ட், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ஆஷவே ஆகிய இரண்டு பெயர்களைத்தான் பழைய பெட்டிகளில் அடிக்கடி காண்பீர்கள். ஜோர்ஜ் பலபுஷ்கா போன்ற பெயர்பெற்ற கியூ கைவினைஞர் பாவித்தது கோர்ட்லண்ட் லினன் என்பதால் அந்தப் பெயருக்கு விலை அதிகம். சில பெட்டிகளில் "கட்டிஹங்க்" என்றிருக்கும். அது ஒரு தீவின் பெயர். முறுக்கிய லினன் தூண்டில் நூலுக்குப் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது.

பெட்டியின் ஓரத்தில் ஒரு இலக்கம் இருக்கும்: 6, 9, 12, 15 என்று. அது தடிப்பின் அளவல்ல, முறுக்கிய இழைகளின் எண்ணிக்கை. ஓர் இழை நனைந்த நிலையில் 3 இறாத்தல் பாரம் தாங்கும் என்பது கணக்கு. 9 இழை நூல் என்றால் 27 இறாத்தல், ஏறத்தாழ 12 கிலோ. கியூவுக்கு வேண்டியது இந்த 9ஐச் சுற்றித்தான். 18, 24 எல்லாம் பெரிய கடல்மீனுக்கு. கையில் கயிறு போல உறுத்தும். விலை மலிவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, கைப்பிடியில் நூல் பதியும் பள்ளத்தை ஆழமாக்கச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், வெட்டிய மரம் திரும்ப வராது.

இனி நீளம். பணம் வீணாவது அநேகமாக இங்கேதான். பழைய நூல் பெரும்பாலும் 50 யார் கட்டையில் வரும். 50 யார் என்பது 45.7 மீற்றர். உங்கள் கியூவின் சுற்று வழமையான 12 அங்குலம், அதாவது 305 மில்லிமீற்றர் என்றும், கைப்பிடியின் சராசரி விட்டம் 29 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 91 மில்லிமீற்றர் நூல் போகும். நூலின் தடிப்பு 0.6 மில்லிமீற்றர் என்றால் 508 சுற்று, மொத்தம் 46.3 மீற்றர். கட்டை முடியும்போது அரை மீற்றருக்கு மேல் குறையும்! தடிப்பு 0.55 ஆனால் 50 மீற்றருக்கு மேல் வேண்டும், 0.65 ஆனால் 43 மீற்றரோடு தப்பிவிடும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும், சோதனைக்கு வெட்டுவதற்கும் இன்னும் 3 மீற்றர் சேருங்கள். சுற்றின் நடுவே முடிச்சுப் போட முடியாது. ஒட்டுப்போட்டால் விரலுக்குத் தெரியும். ஆகவே 100 யார் கட்டை, அல்லது அறுக்காமல் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும் இரண்டு 50 யார் கட்டைகள் வாங்குங்கள். விற்பவரிடம் "நூல் தொடர்ச்சியாக இருக்கிறதா, யாராவது முன்னரே பாவித்து மீதியைச் சுற்றியதா?" என்று நேராகக் கேளுங்கள்.

தடிப்பை அளக்க நுண்ணளவுக் கருவி தேவையில்லை. பென்சிலில் 20 சுற்று நெருக்கிச் சுற்றி, அடிமட்டத்தால் அகலத்தை அளக்கவும். 12 மில்லிமீற்றர் வந்தால் நூல் 0.6. விற்பவரையே இப்படிச் சுற்றி, அடிமட்டத்தோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பச்சைப் புள்ளியின் நெருக்கமும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் கியூவின் பழைய சுற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அசலா என்பதற்கு நான்கு சோதனைகள். நைலோன், பொலியெஸ்டர் கலந்ததைத் தீ காட்டிக்கொடுக்கும். லினன் கடதாசி போல் எரிந்து, அணைந்த பின்னும் கங்கு ஓடி, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் விடும். செயற்கை நூல் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக இறுகும். ஆனால் பருத்தியும் லினன் போலவே எரியும். அதனால் அடுத்ததாக ஓர் இழையைப் பிரித்து இழுத்து அறுங்கள்: லினன் முனை நீண்ட நேரான நார்களாக, கூராக நிற்கும், பருத்தி முனை பஞ்சாகப் புசுபுசுக்கும். மருதமுனையில் தறிக்காரர் யாரும் பழக்கமானால் அவர் கையில் கொடுங்கள். பருத்தி நூலை நாள்தோறும் தொடுகிற விரல் நொடியில் வித்தியாசம் சொல்லிவிடும்.

மூன்றாவது, சணலும் கஞ்சா நாரும் லினன் என்று விற்கப்படுவதைப் பிடிப்பது. ஒரு தனி நாரை நனைத்து, அதன் முனை உங்களை நோக்கி இருக்கும்படி ஒரு சூடான தட்டின் மேல் பிடியுங்கள். காயும்போது ஆளி நார் மணிக்கூட்டு முள் போகும் திசையில் திரும்பும். சணலும் கஞ்சா நாரும் எதிர்த்திசையில் திரும்பும். ராமி என்ற நார் மட்டும் ஆளி போலவே திரும்பும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

நான்காவதுதான் மிக முக்கியம்: பலம். அசல் என்பதாலேயே நூல் நல்லதாகிவிடாது. லினன் உக்கும். ஈரம் பட்டு பூஞ்சணம் பிடித்த நூல் வெளிப்பார்வைக்குப் பொன்னிறமாக அழகாகவே இருக்கும். சுற்றும்போது படக்கென்று அறும். கட்டையின் வெளிச்சுற்று வெயில் வெளிச்சத்தாலும், உட்சுற்று கட்டையின் மரத்தோடு ஒட்டிக் கிடப்பதாலும் முதலில் கெடும். ஆகவே நூல் கைக்கு வந்ததும் இரு முனையிலிருந்தும் அரை மீற்றர் துண்டுகள் எடுத்து, 5 லீற்றர் தண்ணீர் நிறைத்த வாளியை அதில் மெல்லத் தூக்குங்கள். 12 கிலோவுக்குச் செய்த நூல் 5 கிலோவைத் தாங்காவிட்டால் அது அலுமாரியில் வைக்கும் பழம்பொருள், கியூவுக்கு ஆகாது. கறுப்புப் புள்ளி, பழைய பாதாள அறை மணம், மடித்தால் நொறுங்கும் இழை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மெழுகோ எண்ணெயோ ஏற்றிய நூலும் பசையைப் பிடிக்காது. கடதாசியில் தேய்த்தால் எண்ணெய்க்கறை விழுகிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக அமையும் பழைய கட்டை அரிது. எங்கள் கருத்து இது: கியூ பெயர் பொறித்த பழைய கைவினைஞருடையது, அதை அந்தக் காலத்து நிலைக்கே கொண்டுவர நினைக்கிறீர்கள் என்றால் பழைய நூலுக்குக் காத்திருங்கள். விளையாடத்தான் கியூ என்றால் புதிய லினன் நூலே மேல். புத்தகம் கட்டவும் தோல் தைக்கவும் விற்கும் மெழுகு ஏற்றாத லினன் நூலில் "18/3" என்ற இலக்கம் அநேகமாக 0.55 முதல் 0.6 மில்லிமீற்றர் வரும். முதல் எண் இழை எவ்வளவு மெல்லியது என்பது, இரண்டாவது எத்தனை புரி என்பது. இந்த முறையில் 18/3 நூல் ஓர் இறாத்தலுக்கு 1800 யார், அதாவது ஒரு கிராமுக்கு 3.6 மீற்றர். உங்களுக்கு வேண்டிய 53 மீற்றர் நூல் 15 கிராம் நிறைதான். 50 கிராம் கட்டையில் மூன்று கியூ சுற்றலாம். கியூ பாகங்கள் விற்கும் வெளிநாட்டுக் கடைகளில் புள்ளியிட்ட புதிய லினனும் கிடைக்கும். எதுவாயினும் பொதி சிறியது. ஆனால் சுங்கத் தீர்வையையும் தபால் செலவையும் சேர்த்துப் பார்த்தபின் விலையை ஒப்பிடுங்கள்.

சுற்றுவது. முதலில் உண்மையிலேயே மாற்றவேண்டுமா பாருங்கள். கறுப்பு மட்டும் என்றால் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் வழவழப்பான கண்ணாடிப் போத்தலால் அழுத்தித் தேய்த்தாலே பாதி சரியாகும். உங்களுடையது பிரிந்துவிட்டதால் மாற்றத்தான் வேண்டும். நைந்த முனையிலிருந்து சுருளாகவே இழுத்துக் கழற்றுங்கள். கத்தியால் நீளவாக்கில் கீறினால் மரத்தில் கோடு விழும். கழற்றியதில் ஒரு சாண் நூலை ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். பிறகு கியூவை விற்க நேர்ந்தால் அந்தத் துண்டுக்கு மதிப்பு உண்டு.

பழைய பசையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஊறவைத்துச் சுரண்டுங்கள், மரத்தை ஊறவைக்காதீர்கள். பள்ளத்தின் ஆழம் நூலின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும்: 0.6 நூலுக்கு 0.5 மில்லிமீற்றர் போதும், ஏனெனில் அழுத்தும்போது நூல் தட்டையாகும். பள்ளம் கூடினால் சுற்று தாழ்ந்து மரத்தின் விளிம்பு உள்ளங்கையில் குத்தும். குறைந்தால் ஓரச் சுற்று உரசி மறுபடி நையும். வெறும் மரத்துக்கு ஒரு மெல்லிய பூச்சு பிரெஞ்சு பொலிஷ் கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனால் இரண்டு சொல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இயந்திரத்தின் பிடி மரத்தில் நேராகப் படக்கூடாது, வேகம் ஆகக் குறைந்ததாக இருக்கவேண்டும். கட்டில் கால் கடையும் வேகத்தில் சுற்றினால் நூல் எரிந்து அறும். பட்டறை இல்லாமலும் செய்யலாம். கம்பளித் துணி விரித்த இரண்டு மரத்தாங்கியில் கியூவின் அடிப்பாதியைக் கிடத்தி ஒருவர் உருட்ட, மற்றவர் நூலைப் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

நூல்கட்டையை ஒரு கம்பியில் கோத்துச் சுழலவிடுங்கள். கட்டையின் தலைப்பக்கமாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும் அல்லது இறங்கும்; நடுவில் நூல் பிரிந்து வெள்ளை மயிர் போல் நிற்பது இதனால்தான். தொடக்கத்தில் 8 சென்ரிமீற்றர் நூலைப் பிரித்துக் கத்தியால் மெலிதாக்கிப் பள்ளத்தில் நீளவாக்கில் படுக்கவையுங்கள். அதன் மேலேயே 25 சுற்றுப் போட்டு மீதியை வெட்டுங்கள். மெலிதாக்காவிட்டால் அந்த இடம் மேடாகும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையை விரலால் மெல்லியதாக, ஒரு தடவைக்கு 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மட்டும் பூசுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம். நூலுக்குள் ஏறிக் கறையாகி இறுகிவிடும், அடுத்தமுறை கழற்றவும் முடியாது. நூலில் ஒரு கிலோ பாரம் தொங்குவது போன்ற ஒரே இழுவை இருக்கட்டும். தோல் துண்டுக்குள் பிடித்தால் விரல் வெட்டுப்படாது. இரண்டு சுற்றுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்த நேரமே நகத்தால் தள்ளி நெருக்குங்கள். பசை காய்ந்தபின் அது நகராது.

முடிவுக்கு நம் தங்கூசி கைகொடுக்கும். கடைசி 20 சுற்றுக்கு முன் தங்கூசியை மடித்து ஒரு வளையமாக்கிப் பள்ளத்தில் படுக்கவைத்து, அதன் மேல் சுற்றுங்கள். நூலின் முனையை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் அது சுற்றுகளின் அடியில் புகுந்து மறையும். வெளியில் தெரியும் முனையை மேற்பரப்போடு அறுத்துவிடுங்கள்.

24 மணித்தியாலம் காயவிட்டு, 600 இலக்க அரத்தாளால் மயிரை மட்டும் தொட்டும் தொடாமலும் எடுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே கண்ணாடிப் போத்தலாலோ வழவழப்பான உருக்குக் கம்பியாலோ கியூவை உருட்டியபடி அழுத்தித் தேய்க்கவேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் நூலின் முகடுகள் தட்டையாகி மினுங்கும். பசைக்குப் பதில் அரிசிக்கஞ்சி போடுவது பழைய யுக்தி, இங்கே வேண்டாம். மாரி தொடங்கியதும் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் தேடி வரும்.

இந்த வேலைக்குக் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்கள்தான் தோது. ஐப்பசி முதல் தை வரையான மழையில் பசை காய நாட்கணக்காகும். கியூவின் மரமும் ஈரத்தில் ஊதியிருக்கும். அப்போது இறுக்கிச் சுற்றிய நூல் மாசி வெயிலில் மரம் சுருங்கத் தளர்ந்துவிடும். மீதி நூலைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்காமல் கடதாசியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றோடு தகரப்பெட்டியில் போடுங்கள். அடுத்த முறை சுற்றும்முன் அதையும் வாளியில் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும்.