எக்ஸ்ரேல எலும்பைப் பாக்காத மனுஷன்

வணக்கம் சார்,

நான் குன்னூர் பக்கம் தேயிலை எஸ்டேட்ல, லைன் வீட்ல (தொழிலாளர் குடியிருப்பு) பொறந்து வளந்தவன், அம்மா அங்க இலை எடுக்கறாங்க, எனக்கு வயசு 28. சென்னைல சினிமாவுக்கு கம்ப்யூட்டர்ல காட்சி மாத்தற ஒரு விஎஃப்எக்ஸ் கம்பெனில ஆறு வருஷமா ரோட்டோ, பெயிண்ட் பண்றேன். ஹீரோ இடுப்புல கட்டின ரோப்பை அழிக்கறது, முடி ஓரத்துல ஷேப் போட்டு ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தறது, இதான் வேலை. கம்ப்புக்கு, அதாவது தனித்தனியா இருக்கறதை ஒரே ஷாட்டா சேக்கற வேலைக்கு மாறலாம்னு கம்பெனிக்குள்ளயே டெஸ்ட் கேட்டேன், மலை ரோட்டுல மிஸ்ட் போடற ஷாட் குடுத்தாங்க. ஸ்டாக் ஃபுட்டேஜ்ல நல்ல ஃபாக்கா பாத்து எடுத்து போட்டேன், ஆறு தடவை திரும்பி வந்துச்சு, 'ஃபேக்கா இருக்கு' அவ்ளோதான் கமெண்ட். இப்ப லோன் போட்டு கனடா போய் ஒரு வருஷ டிப்ளமோ படிக்கலாமான்னு யோசிக்கறேன். ரோட்டோவை ஏஐ முழுங்கிடும்னு வேற சொல்றாங்க. டைட்டில்ல பேரும் வர்றதில்ல. தீபாவளிக்கு அம்மாவை ஊட்டி தியேட்டருக்கு கூட்டிட்டு போய் நான் வேலை செஞ்ச படத்தை காட்டினேன், முடிஞ்சு வெளிய வந்ததும் 'இதுல நீ என்னடா பண்ணே'ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல வரல. நான் என்ன பண்ணட்டும் சார்?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

உங்க லெட்டர் வந்த அன்னிக்கு நான் அலமாரி மேலேர்ந்து ஒரு பழைய கவரை இறக்கி வெச்சு பாத்துட்டு இருந்தேன், அதனாலதான் இந்த பதில், இல்லன்னா வேலை மாறலாமான்னு வர்ற லெட்டருக்கெல்லாம் நான் பதில் போடறதே இல்ல. கவர்க்குள்ள என் இடது கை எக்ஸ்ரே. 1979.

எங்கப்பா ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரில வேலை பாத்தவர். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், இந்து நகர் வழியா போறப்போ அந்த கட்டடமெல்லாம் பாத்திருப்பீங்க. 1960ல கம்பெனி ஆரம்பிச்சு 1967ல உற்பத்தி, எக்ஸ்ரே ஃபிலிம், கருப்பு வெள்ளை சினிமா ஃபிலிம், போட்டோ பேப்பர்னு எல்லாம் இந்துங்கற பேர்ல வரும். அப்பா இருந்தது கோட்டிங் செக்ஷன். ஜெலட்டின்ல வெள்ளி உப்பு கலந்த குழம்பை ஃபிலிம் மேல பூசற எடம், வெளிச்சம் பட்டா அத்தனையும் வீண், அதனால ஷிஃப்ட் முழுக்க இருட்டு, எங்கயாவது மங்கலா ஒரு சிவப்பு லைட் இருந்தா உண்டு. எதிர்ல வர்ற ஆள் மேல மோதாம இருக்க குரல் குடுத்துட்டே நடப்பாங்களாம். நூல் பிசிர் விழுந்துடும்னு அந்த ஊட்டி குளிர்லயும் ஸ்வெட்டரை கழட்டி வெச்சுட்டுதான் உள்ள போகணும்னு சொல்வார். வீட்ல கரண்ட் போனா நாங்கல்லாம் உக்காந்த எடத்துலயே இருப்போம், அவர் மட்டும் எந்திரிச்சு சமையக்கட்டுக்கு போய் தீப்பெட்டியோட வருவார், ஒரு டம்ளர் உருண்டதில்ல. என்னப்பா வேலை பாக்கறீங்கன்னு கேட்டா 'ஒண்ணும் விழாம பாத்துக்கற வேலை'ம்பார். ஸ்கூல்ல அப்பா தொழில் என்னன்னு கேட்ட ஃபார்ம்ல நான் வாட்ச்மேன்னு எழுதிட்டேன்.

பேரிக்கா மரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிஞ்சப்போ டாக்டர் இந்த எக்ஸ்ரேயை லைட் பொட்டில மாட்டி எலும்பு எங்க ஒடிஞ்சிருக்குன்னு காட்டிட்டு இருக்கார், அம்மா முந்தானையை வாய்ல வெச்சு அழுதுட்டு நிக்கறாங்க, அப்பா அந்த எக்ஸ்ரே பக்கத்துல போய் மூக்கு இடிக்கற மாதிரி நின்னு, எலும்பே இல்லாத மூலைல, வெறும் கருப்பா இருக்கற ஓரத்தை பாத்துட்டு 'நல்லா வந்திருக்கு' அப்டின்னார். டாக்டருக்கு வந்ததே கோவம், 'எங்கய்யா நல்லா வந்திருக்கு, ரெண்டா நிக்குது'ன்னு கத்தினார். அம்மா ரெண்டு நாள் அப்பாகிட்ட பேசல. அவர் பாத்தது கோட்டிங்கை. அவ்ளோ கருப்புல ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது, ஒரு கீறல் கிடையாது. இப்ப ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு நானும் அந்த மூலையையே பாக்கறேன், என் கண்ணு எலும்புக்குத்தான் போகுது.

நீங்க தியேட்டர்ல ஹீரோ மூஞ்சியையா பாக்கறீங்க? காது பக்கத்து முடியைத்தானே, சத்தியமா சொல்லுங்க. அஞ்சு செகண்ட் ஷாட்னா 120 ஃப்ரேம், அதுல ஏதோ ஒண்ணுல ஷேப் ஒரு நூல் நகந்திருந்தாலும் உங்களுக்கு வயித்தை கலக்கும், பக்கத்து சீட்டுக்காரன் பாப்கார்ன் தின்னுட்டு இருப்பான். அம்மா கேட்டப்போ 'ரோப்பு தெரிஞ்சுதாம்மா'ன்னு திருப்பி கேட்டிருக்கணும். எந்த ரோப்புடான்னுதான் கேட்டிருப்பாங்க.

பேர் வர்றதில்லங்கற வருத்தம் நியாயம், சண்டை போட்டாவது வாங்குங்க. என் எக்ஸ்ரே ஓரத்துல ஆஸ்பத்திரி பேர், தேதி, என் பேர் எல்லாம் இருக்கு, அப்பா பேர்ல ஒரே ஒரு எழுத்து, அதுவும் என் இனிஷியலா.

ஏஐ பயத்துக்கு ஆறுதல் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த ஃபேக்டரியை 1996ல நலிவடைஞ்ச கம்பெனின்னு அறிவிச்சாங்க, அப்புறம் டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் அள்ளிட்டு போயிடுச்சு, இருட்டுல நடக்க கத்துக்கிட்ட மனுஷனுக்கு வெளிய ஒரு வேலை கிடையாது. அதனால மாறணும்னு நெனைக்கறது சரி. கனடாவா, 2013 பிப்ரவரில லைஃப் ஆஃப் பை படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் வாங்கின ரிதம் அண்ட் ஹியூஸ்ங்கற அமெரிக்க கம்பெனியே அதே மாசம் திவால் மனு போட்டுச்சு. இந்த தொழில் வரிச்சலுகை எந்த ஊர்ல இருக்கோ அங்க ஓடும், 2023ல ஹாலிவுட்ல ஸ்ட்ரைக் வந்தப்போ வேன்கூவர்லயும் ஆளுங்க வேலை இல்லாம உக்காந்திருந்தாங்க. லோன் மட்டும் எங்கயும் ஓடாது.

இதெல்லாம் விடுங்க. ஸ்டாக் ஃபுட்டேஜா? எஸ்டேட்ல பொறந்த பையன் மிஸ்ட்டை ஒரு வெப்சைட்லேர்ந்து இறக்கி போட்டியா? (நீங்க போய் நீ வந்துடுச்சு, இருக்கட்டும்.) கீழ பர்லியார் பக்கத்துலேர்ந்து மத்தியானம் ஏறி வர்றதை பொறந்ததுலேர்ந்து பாத்திருக்கியே, அது என்னிக்காவது படம் மேல வெள்ளை துணி விரிச்ச மாதிரி வந்திருக்கா? நீ பண்ணது அதுதான்னு ஷாட்டை பாக்காமயே சொல்வேன். தேயிலைக்கு நடுவுல சில்வர் ஓக் எதுக்கு நிக்குது, நெழலுக்குன்னு எல்லாருக்கும் தெரியும், உனக்கு அது அளவுகோல்டா. பக்கத்து மரத்தோட பட்டை கரி மாதிரி இருக்கும், மூணாவது வரிசை சாம்பல், அதுக்கு பின்னாடி இன்னும் வெளுத்து, பத்தாவது வரிசை வானத்தோட கலந்துடும். தொலைவுல மொதல்ல சாகறது கருப்பு. நீ எல்லாத்துக்கும் சமமா வெள்ளை பூசியிருப்பே, கிட்ட இருக்கறது காரணமில்லாம வெளுத்திருக்கும், தூரத்து மரத்துல கருப்பு அப்படியே நிக்கும், அதுதான் ஃபேக். வானத்தை விட பளிச்சுன்னு வேற வெச்சிருப்பே, மிஸ்ட்டு என்ன ட்யூப் லைட்டா? அது கீழேர்ந்து ஏறும், அப்ப மரத்துக்கு மொதல்ல கால்தான் காணாம போகும், கிட்ட இருக்கறது ஓடும், தூரத்துது நின்ன எடத்துல கெட்டியாகும், லைன் வீட்டு தகரக் கூரை கிட்ட வந்து ஒடைஞ்சு ரெண்டு பக்கமும் வழியும். எல்லாத்தையும் ஒரே வேகத்துல நகத்துனா யாருக்குடா நம்பிக்கை வரும்?

உங்கம்மா இந்த மிஸ்ட்டுக்குள்ள நின்னு எத்தனை வருஷமா இலை எடுக்கறாங்க? எத்தனையாவது வரிசைல நிக்கற பொம்பளை கண்ணுக்கு மறைவாங்க, மறையறதுக்கு முன்னாடி சேலை கலரு போகுமா ஆளோட உருவம் போகுமான்னு கேளு. யோசிக்காம சொல்வாங்க.

அடுத்த லீவுக்கு வர்றப்போ காலைல வெயில் இருக்கும்போதே லைன் வீட்டு வாசல்ல ட்ரைபாட் போட்டு அந்த சரிவை ஒரு நிமிஷம் எடு. ட்ரைபாடை தொடாதே, மத்தியானம் மிஸ்ட் ஏறினதும் அதே எடத்துலேர்ந்து இன்னொரு நிமிஷம். கம்ப் பண்ற சாஃப்ட்வேர் நியூக்ல காசில்லாத நான்-கமர்ஷியல் வெர்ஷன் இருக்கே, அதுல காலை ஷாட்டை மத்தியான ஷாட்டா மாத்து, ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். ரெண்டையும் அம்மாகிட்ட போட்டு காட்டு, எது நீ பண்ணதுன்னு சொல்லாதே. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, கனடா பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.