இரண்டு படிகள் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் தந்தையை ஏழு மாதங்களாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சிகிச்சை ஓரிடத்தில், இயன்முறைப் பயிற்சி வேறிடத்தில், உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் சமூகநல அலுவலகம், குளிப்பாட்ட வருபவர் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர். எங்கே போனாலும் அப்பா விழுந்த நாளிலிருந்து கதையைத் தொடங்கச் சொல்கிறார்கள். சென்ற வாரம் ஐந்தாவது முறையாகச் சொல்லும்போது அழுதுவிட்டேன். மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் ஒரே துறையாக இணைத்துவிட்டால் இந்த அலைச்சல் தீருமா? அல்லது எல்லாரும் பார்க்கும்படி ஒரே மின்பதிவேடு இருந்தால் போதுமா? நான் நிர்வாகம் அறிந்தவள் அல்ல, வெறும் மகள்தான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

‘வெறும் மகள்தான்’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த மாத்திரைக்குப் பிறகு அவருக்குத் தலை சுற்றுகிறது, எந்தப் பக்கம் படுக்கவைத்தால் தோல் சிவக்கிறது, எதை விழுங்கும்போது புரையேறுகிறது என்று ஏழு மாதமாகக் கவனித்துவரும் ஒரே ஆள் நீங்கள். நீங்கள் ஏறி இறங்கிய அலுவலகங்கள் அனைத்திற்கும் தெரிந்ததைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. அந்த அறிவை நீங்களே மலிவாகப் பேசினால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களைக் கேட்காமலே திட்டம் தீட்டிவிடுவார். இதை உரிமையோடு கண்டிக்கிறேன்.

மின்பதிவேடு வேண்டும், பயன்படும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று, வீடு மாறுவதற்காகப் பழைய காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் தாயாரின் மருத்துவமனைக் கோப்பு கையில் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் பொருத்திய தகட்டின் விவரம், மருந்துகளின் அளவு, மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு படிகள் ஏற வேண்டும் என்பது அதில் இல்லை. இயன்முறைப் பயிற்சியாளர் அவரைச் சமதளமான தாழ்வாரத்தில் நடக்கப் பழக்கியிருந்தார். கைப்பிடி பொருத்த உதவி கேட்டு நலத்துறை அலுவலகத்திற்குப் போனேன். மருத்துவர் சான்று வேண்டும் என்றார்கள். மருத்துவரோ, கைப்பிடி மருத்துவக் கருவி அல்ல, தான் எழுதித் தர இயலாது என்றார். நான்காம் வாரம் ஓர் இரவில் அம்மா அந்தப் படிகளில் விழுந்தார். அதன்பின் அவர் தனியாக நடக்கவே இல்லை.

அவரவர் தம் விதிப்படி வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள் என்பதை இன்றும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தவறு செய்த ஒருவர் இருந்திருந்தால் கோபித்தாவது ஆறியிருப்பேன்.

ஆகவே துறைகளை இணைப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் உற்சாகமான பதில் இல்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நம்புவது படித்தவர்களிடம் உள்ள ஒரு சோம்பல். அது உங்களிடமும் இருக்கிறது. இங்கிலாந்தைப் பாருங்கள். 1948 ஜூலை 5 அன்று அங்கே தேசிய மருத்துவச் சேவை எல்லாருக்கும் இலவசமாகத் தொடங்கியது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டம், முதியோர் பராமரிப்பை உள்ளாட்சி மன்றங்களிடம், வசதியைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் ஏற்பாடாக விட்டுவைத்தது. காயத்திற்குக் கட்டுப்போடுவது ஒருவர் செலவு, குளிப்பாட்டுவது இன்னொருவர் செலவு என்ற கோடு அன்று விழுந்தது. அதை அழிக்க எத்தனையோ சீர்திருத்தங்களுக்குப் பின், 2022-இல் சட்டம் இயற்றி 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புகளை நாடெங்கும் நிறுவினார்கள். வட அயர்லாந்திலோ 1973 முதலே இரண்டும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருக்கின்றன. அங்கும், வீடு திரும்பத் தகுதியான நோயாளிகள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அமையாமல் மருத்துவமனைப் படுக்கையிலேயே காத்துக்கிடப்பது நிற்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் டார்பே என்ற பகுதி உண்டு. 2005-இல் அங்கே இரு சேவைகளையும் ஒன்றாக்கியபோது, எண்பது வயதைக் கடந்த ‘திருமதி ஸ்மித்’ என்ற கற்பனைப் பெண்மணியை நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். இந்த ஏற்பாட்டால் திருமதி ஸ்மித்துக்கு என்ன நன்மை என்பதே எல்லாக் கூட்டத்திலும் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு பணியிடம் பிறந்தது: ஒருங்கிணைப்பாளர். அவர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். குடும்பம் அவர் ஒருவரிடம் சொன்னால் போதும். செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் சமூகப் பணியாளரையும் அவர் தேடிப் பேசுவார். கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாரம் நோயாளியின் வீட்டிலிருந்து ஊழியரின் மேசைக்கு இடம்பெயர்ந்தது. இதைத்தான் நான் போகும் கூட்டமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இணைப்பு என்பது ஓர் ஆளாக வந்து வாசலில் நிற்க வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் ஊசி போட ஒருவர், குளிப்பாட்ட ஒருவர் என்று வீட்டுப் பராமரிப்பை நிமிடக் கணக்கில் துண்டுபோட்டு வைத்திருந்தார்கள். அதைச் சகிக்க முடியாத யோஸ் டெ ப்ளோக் என்ற செவிலியர் தொடங்கிய ‘பூர்ட்சோர்க்’ அமைப்பில், அதிகபட்சம் பன்னிரண்டு செவிலியர் கொண்ட சிறு குழு ஒரு வட்டாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. புண்ணுக்கு மருந்திடுபவரே குளிக்கவும் வைக்கிறார், அண்டை வீட்டாரிடமும் பேசுகிறார். குளிக்க வைக்கும்போதுதான் முதுகில் புதிதாகச் சிவந்த இடம் கண்ணில் படும். ஜப்பானில் 2000-இல் வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் பராமரிப்புப் பெறுபவருக்குத் திட்டம் வகுத்துத் தரப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் உண்டு. கைப்பிடி பொருத்தவும் தரையின் ஏற்றத்தாழ்வை அகற்றவும் இரண்டு லட்சம் யென் வரையிலான வேலைக்கு அந்தக் காப்பீடு உதவுகிறது. முதல்முறை அதைப் படித்தபோது நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டின் சட்டத்தில் என் தாயாரின் இரண்டு படிகளுக்கும் இடம் இருந்திருக்கிறது.

இவையெல்லாம் உங்களுக்கு நாளையே கிடைக்கப்போவதில்லை. அதனால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவின் கதையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: விழுந்த நாள், மருந்துகள், அவரால் இயல்வது, இயலாதது, அவருக்குப் பயம் தருவது. பத்து நகல் எடுத்து, எங்கே போனாலும் பேசுவதற்கு முன் ஒன்றை நீட்டுங்கள். அடுத்த முறை மருத்துவமனையில், ‘இவருக்கு இரவில் ஏதாவது ஆனால் நான் யாரை அழைக்க வேண்டும், அவர் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள், அதில் வெட்கமில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று என்னை உறுத்துகிறது. அப்பாவின் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன? இன்றே பார்த்து எழுதுங்கள்.